பாலிஷ் செய்த அலுமினிய வீல்கள் ஒரே மாதத்தில் மங்கிவிடுகின்றன. மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சை அடித்துவிடலாமா?

அடிக்காதீர்கள். என் பழைய காரின் நான்கு வீல்களையும் பல வருடங்களாகப் பூச்சில்லாமல்தான் வைத்திருக்கிறேன். கண்ணாடி போல மெருகேறிய பரப்பில் கிளியர் கோட் சரியாகப் பிடிக்காது. பிடிக்க வேண்டுமென்றால் முதலில் சொரசொரப்பாக்க வேண்டும். அதோடு நீங்கள் கொண்டுவந்த பளபளப்பும் போய்விடும். அப்படியே அடித்தாலும், ஒரு சின்னக் கல் பட்டுப் பூச்சு பெயர்ந்தால் போதும். ஈரம் அதன் அடியில் புகுந்து, புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் படரும். அப்புறம் மொத்தப் பூச்சையும் உரித்துத்தான் ஆக வேண்டும். வெறும் உலோகம் மங்கினால் ஒரு துணியும் கொஞ்சம் பாலிஷும் போதும்.

ஒரே மாதத்தில் மங்குகிறது என்றால், எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும், சில நானோமீட்டர் கனம்தான். கடும் அமிலமோ கடும் காரமோ பட்டால் அந்தப் படலம் கரைந்து, அடியில் இருக்கும் உலோகமும் அரிக்கப்படும். நான் ஒருமுறை லேபிளைப் படிக்காமல் காரத்தன்மை மிகுந்த வீல் கிளீனரை அடித்துவிட்டேன். சில நிமிடங்களில் சாம்பல் நிறத் திட்டுகள் வந்துவிட்டன. மறுபடி 800 நம்பர் உப்புத்தாளிலிருந்து தேய்க்க ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து காருக்குப் போடும் நடுநிலை பிஎச் (அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத) ஷாம்பு மட்டும்தான், அதுவும் வீல் ஆறிய பிறகு. பிரேக் தூளில் இரும்புத் துகள்கள் இருக்கும். ஈரத்தோடு அவற்றை ஊற விட்டால் புள்ளி புள்ளியாக அரிப்பு தொடங்கும், அதனால் வாரம் ஒருமுறையாவது கழுவித் துடைத்துவிடுகிறேன்.

மெருகைப் பொறுத்தவரை, பலரும் பாலிஷைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். குறை பெரும்பாலும் அதற்கு முந்தைய தேய்ப்பில் இருக்கும். 400, 600, 800, 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய தாளின் கீறல்கள் குறுக்காகத் தெரியும். அவை முழுக்க மறையும்வரை அடுத்த தாளை எடுக்காதீர்கள். இந்த இடத்தில் பொறுமை இழந்தால் வெயிலில் நிறுத்தும்போது காட்டிக்கொடுத்துவிடும். மெட்டல் பாலிஷைக் கொஞ்சமாக எடுங்கள். துணி கறுப்பாகும், அது அலுமினியம் தேய்ந்து வருவது. காய்வதற்குள் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். எவ்வளவு தேய்த்தும் துணி கறுக்கவில்லை என்றால் அங்கே பழைய பூச்சு ஏதோ மிச்சம் இருக்கிறது. டயர் உட்காரும் விளிம்பிலும் நட்டு அமரும் குழியிலும் தாளே படக் கூடாது.

பாலிஷ் முடிந்ததும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வீலுக்கான சீலன்ட், அதாவது துணியால் தடவும் மெல்லிய பாதுகாப்புத் திரவம், பூசுகிறேன். கார்னோபா மெழுகு 80 டிகிரி சொச்சத்திலேயே உருகிவிடும், பிரேக் சூட்டுக்கு அது தாங்காது. இப்படிப் பார்த்துக்கொண்டால் எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையாலேயே ஒரு லேசான பாலிஷ் போதுகிறது. உப்புக் காற்றோ மழையோ அதிகமானால் இன்னும் சீக்கிரம்.

இன்னொன்று, அடுத்த முறை வீல் பேலன்ஸிங் செய்யும்போது விளிம்பில் அடிக்கும் கிளிப் எடை வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் எடை வையுங்கள் என்று கேளுங்கள். இரும்புக் கிளிப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஈரம் தங்கினால் அலுமினியம்தான் அரிபடும். என் இரண்டு வீல்களின் விளிம்பில் அப்படி விழுந்த குழிகள் இன்னும் இருக்கின்றன. எந்தத் தாளாலும் அவற்றின் ஆழத்தை எட்ட முடியவில்லை.