பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஏழாம் மாதத்தில் முதன்முதலாகப் பசும்பால் கலந்த கூழ் ஊட்டியபோது, கால் மணி நேரத்துக்குள் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பால் புரத ஒவ்வாமை என்று பரிசோதனையில் உறுதியானது. அன்று முதல் பால், தயிர், நெய் எதுவும் கொடுப்பதில்லை. சென்ற மாதம் காதுவலியும் காய்ச்சலும் வந்ததால் மருத்துவர் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் சிரப் எழுதிக்கொடுத்தார். இரண்டாம் நாளே நான்கைந்து முறை வயிற்றோட்டம். நான்காம் நாள் வயிற்றிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன, அரிப்பு இல்லை. பயந்துபோய் மருந்தை நிறுத்திவிட்டேன். "இந்தப் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக்கே ஆகாது" என்கிறார் என் மாமியார். சிரப்போடு மருந்துக் கடையில் தந்த புரோபயாடிக் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடக்கின்றன. அந்த சிரப்பில் பால் இருந்திருக்குமா? பள்ளிப் படிவத்தில் 'ஒவ்வாமைகள்' என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவது?

— ஒரு தாய், தென்காசி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நாள்வாரியாக எழுதியிருக்கிறீர்கள். அதுவே எனக்குப் பெரிய உதவி. ஏழாம் மாதத்தில் நடந்தது, இரண்டாம் நாள் வயிற்றோட்டம், நான்காம் நாள் புள்ளிகள் ஆகிய மூன்றையும் வீட்டில் ஒரே சொல்லால் 'ஒவ்வாமை' என்று அழைக்கிறீர்கள். அவை மூன்றும் வெவ்வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால், இனி ஒருநாள் உங்கள் மகளுக்கு உண்மையிலேயே தேவைப்படும் மருந்து கிடைக்காமல் போகலாம். உண்மையில் ஆபத்தான பொருள் ஒன்று யார் கண்ணிலும் படாமல் அவள் வாய்க்குள் போகவும் கூடும்.

முதலில், பால் ஒவ்வாமை. கால் மணி நேரத்துக்குள் உதடு வீங்கித் தடித்தது உடனடி வகை ஒவ்வாமை. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இது பால் புரதத்தால் வருவது. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்பி வலிப்பது வேறொரு தொல்லை. அந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு மாத்திரைகளில் சேர்க்கப்படும் சிறிதளவு லாக்டோஸ் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது லாக்டோஸை அன்று, அதில் ஒட்டிக்கொண்டு வரக்கூடிய புரதத்தின் எச்சத்தை. மருந்துக்கான லாக்டோஸ், பாலிலிருந்துதான் பிரித்தெடுக்கப்படுகிறது. விழுங்கும் மாத்திரைகளில் இந்த எச்சத்தால் தொல்லை வருவது அரிது. ஊசியிலும் மூச்சோடு உள்ளிழுக்கும் பொடி மருந்திலும் வந்திருக்கிறது. ஒவ்வாமைக்குச் சிகிச்சையாகவே போடப்படும் மெத்தில்பிரெட்னிசோலோன் ஊசிகளில் லாக்டோஸ் கலந்தவற்றைப் பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் போடக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் அறிவித்தது. ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்ட உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு: அவசரத்துக்குச் செல்லும் எந்த மருத்துவமனையிலும், மருந்து போடுவதற்கு முன்பே 'குழந்தைக்குப் பால் ஒவ்வாமை இருக்கிறது' என்று நீங்கள் சொல்லியாக வேண்டும்.

சிரப்பில் பால் இருந்ததா என்பது நியாயமான கேள்வி. மருந்தோடு கலக்கும் பொருளும் மருந்தைப் போலவே முக்கியம் என்பதை உலகம் துயரப்பட்டுக் கற்றுக்கொண்டது. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றதால் குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கலக்கும் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் பொடியில், மருந்து தவிர, பெரும்பாலும் இனிப்பூட்டி, பழ மணம், குழைவுக்கான கோந்து, சிலிக்கா போன்றவையே இருக்கும். பால் பொருள் சேர்ப்பது வழக்கமன்று. ஆயினும் சேர்மானங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே மருந்தாளுநரிடம் 'இதில் லாக்டோஸோ பால் பொருளோ உண்டா?' என்று கேட்டு, பெட்டிக்குள் இருக்கும் விவரத்தாளையும் பார்க்கச் சொல்லுங்கள். செயற்கை நிறம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒரு செய்தி: நிறம் சேர்த்திருந்தால் அதன் பெயரை மேலுறையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. உங்கள் மகளைப் பொறுத்தவரை, கால் மணி நேரத்தில் பாலுக்குத் தடித்த உடம்பு, சிரப்பில் பால் புரதம் இருந்திருந்தால் முதல் வேளையிலேயே காட்டிக்கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். நான்கு நாள் பொறுத்திருக்காது.

அடுத்து, வயிற்றோட்டம். இது ஒவ்வாமையே அன்று. சிரப்பில் அமாக்சிசிலினுக்குத் துணையாகச் சேர்க்கப்படும் கிளாவுலனேட் குடலின் அசைவைத் தூண்டக்கூடியது. ஆன்டிபயாடிக் குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் குலைத்துவிடுகிறது. இதனால் பல குழந்தைகளுக்கு வயிறு இளகும், மருந்து முடிந்ததும் தானாகவே சரியாகும். கிளாவுலனேட்டின் பங்கு குறைவாக, ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைந்த, நாளுக்கு இருமுறை தரும் சிரப்பில் இந்தத் தொல்லை குறைவு. சாப்பாட்டின் முதல் வாயோடு மருந்தைக் கொடுத்தால் வயிறு இன்னும் சற்று அமைதியாக இருக்கும். கிளாவுலனேட் கலக்காத அமாக்சிசிலின் மட்டுமே போதுமான நோய்களும் நிறைய உண்டு. 'தனி அமாக்சிசிலின் போதாதா, டாக்டர்?' என்று கேட்பதில் தவறே இல்லை. இரண்டு வயதைத் தாண்டிய, காய்ச்சலும் வலியும் கடுமையாக இல்லாத குழந்தைக்குக் காதில் தொற்று வந்தால், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் மருத்துவரின் கண்காணிப்பில் பொறுத்துப் பார்ப்பதும் ஏற்கப்பட்ட முறைதான்.

வயிறு போகும்போது ஓ.ஆர்.எஸ். கரைசலும், அரிசிக் கஞ்சி, இட்லி, வாழைப்பழமும் கொடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இந்த இடத்தில்தான் நம் வீடுகளின் அன்பான பழக்கம் ஒன்று எனக்குக் கவலை தருகிறது. வயிறு போகிறது என்றதும் அடுப்படியிலிருந்து தயிர் சாதமோ மோரோ வந்துவிடும். லாக்டோஸ் மட்டும் செரிக்காத பிள்ளைக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு ஒரு கரண்டி மோர்கூட ஆகாது என்பதை மாமியாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் அழுத்திச் சொல்லிவையுங்கள்.

பிரிக்காமல் கிடக்கும் அந்தப் பொட்டலங்களைப் பிரிக்காமல் வைத்தது எவ்வளவு நல்லதாயிற்று! உங்கள் கடிதத்தில் நான் மிகவும் அஞ்சியது அந்த வரியைப் படித்தபோதுதான். புரோபயாடிக் என்பது குடலுக்கு நன்மை தரும் என்று கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள். அந்தப் பாக்டீரியாக்கள் சிலவற்றைப் பால் கலந்த ஊடகத்தில் வளர்க்கிறார்கள். அப்படித் தயாரானவற்றில் பால் புரதம் தங்கியிருப்பது சோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. புரோபயாடிக்குகளில் சில, ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றோட்டத்தை ஓரளவு குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பால் பொருள் அறவே இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் உங்கள் மகளுக்குக் கொடுக்காதீர்கள். எல்லாரும் சந்தேகப்படுவது ஆன்டிபயாடிக் புட்டியை. நான் சந்தேகப்படுவது கூடவே வந்த இந்தப் பொட்டலத்தை.

மூன்றாவதாக, சிவப்புப் புள்ளிகள். அமாக்சிசிலின் பென்சிலின் வகையைச் சேர்ந்த மருந்து. பென்சிலின் வகைக்கு உண்மையான உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள், அரிக்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி என்று வரும். சில நாள் கழித்து அரிப்பில்லாமல் பரவும் புள்ளிகள் குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். பல நேரங்களில் அவை கூடவே இருக்கும் வைரஸின் வேலை. கனடாவின் மான்ட்ரியலில், அமாக்சிசிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட 818 குழந்தைகளுக்கு மருத்துவர்களின் மேற்பார்வையில் அதே மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான அதன் முடிவின்படி, நூற்றுக்கு 94 பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதை நம்பி வீட்டில் நீங்களே சோதித்துப் பார்த்துவிடாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடமோ ஒவ்வாமை மருத்துவரிடமோ நாள்வாரியாகச் சொல்லி, அவர் சொன்னால் மருத்துவமனையில் வைத்தே முதல் வேளையைக் கொடுக்க வேண்டும். கொப்புளம், தோல் உரிதல், வாய்ப்புண், மூட்டு வீக்கம் இவற்றில் ஏதேனும் வந்திருந்தால் மட்டும் மீண்டும் கொடுத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

'பென்சிலின் ஆகாது' என்ற முத்திரையை ஒருமுறை குத்திவிட்டால், அடுத்த மருத்துவர் அசித்ரோமைசின், செஃபிக்சிம் போன்ற வேறு ஆன்டிபயாடிக்கை எழுதுவார். உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய வகைப்பாட்டில் அமாக்சிசிலின் முதலில் கையாள வேண்டிய வரிசையில் இருக்கிறது. மற்ற இரண்டும் கவனத்தோடு மட்டும் எடுக்க வேண்டிய வரிசையில் இருக்கின்றன. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்து அவற்றில் அதிகம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இனி வாழ்நாள் முழுதும் அந்த இழப்பை நாம் சுமத்தக் கூடாது.

படிவத்தில் இப்படி எழுதுங்கள்: 'பசும்பால் புரத ஒவ்வாமை, உறுதி செய்யப்பட்டது, ஏழாம் மாதத்தில் பால் உண்ட 15 நிமிடத்தில் உதடு வீக்கமும் தடிப்பும். பால், தயிர், மோர், நெய், பால் சேர்ந்த மருந்து எதுவும் தரக் கூடாது. மூச்சிரைத்தால் உடனே 108-ஐ அழைக்கவும்.' அதற்குக் கீழே தனி வரியில்: 'அமாக்சிசிலின்–கிளாவுலனேட்: 2-ஆம் நாள் வயிற்றோட்டம், 4-ஆம் நாள் அரிப்பற்ற புள்ளிகள், ஒவ்வாமையா என்பது உறுதி செய்யப்படவில்லை.' இதே இரண்டு குறிப்புகளையும் அவளுடைய மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மீதியிருக்கும் சிரப்பைக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் கலந்த பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் ஏழு நாளுக்கு மேல் அது ஆகாது.