உங்கள் பழைய சைக்கிள் எந்தப் பட்டறையில் பிறந்தது?

கேள்வி (கொக்குவில்): அண்ணை, அப்பப்பா ஓடின சைக்கிள் பத்திக்குள்ளை கிடக்கு. முன்னுக்குச் சின்னம் இல்லை. பெடல் அச்சுப் போற கூட்டிலை மூன்று துவக்கு சாய்த்து வைத்த மாதிரி அடையாளம். அப்ப இது பி.எஸ்.ஏ. தானே?

பதில்: அவசரப்படாதையுங்கோ. மூன்று துவக்கு பி.எஸ்.ஏ.யின் சின்னம்தான். 1861இல் பேர்மிங்காம் துவக்குக் கொல்லர்கள் கூடித் தொடங்கிய கொம்பனி அது. ஆனால் முழுச் சைக்கிளோடு கூடு, ஹப் (சில்லின் நடுக்குடம்), கிராங் (பெடல் தண்டு) என்று உதிரிகளையும் விற்றார்கள். சின்னச் சின்னப் பட்டறைகள் அவற்றை வாங்கித் தங்கள் பெயரில் சைக்கிள் கட்டின. அந்த அடையாளம் கூட்டைச் செய்தவரைத்தான் சொல்லும், சைக்கிளைக் கட்டியவரைச் சொல்லாது.

கட்டியவரைத் தேட ஹான்டிலையும் போர்க்கையும் கழற்றி, தலைக்குழாய்க்குள் ரோச் அடித்துப் பாருங்கோ. சின்னம் பிடுங்கப்பட்டாலும் றிவெற் ஓட்டைகள் உட்பக்கம் தெரியும். வெளியே பூசி மறைத்தவர் உள்ளே மினக்கெடுவது அபூர்வம். ஓட்டைகளின் இடைவெளியை மில்லிமீற்றரில் அளந்து, தெரிந்த சின்னங்களோடு ஒப்பிடுங்கோ. இரண்டு சோடி ஓட்டை இருந்தால் யாரோ சின்னம் மாற்றியிருக்கிறார்கள். பல்லுச்சில்லில் பி.எஸ்.ஏ. என்ற எழுத்து வெட்டியிருப்பதை மட்டும் நம்பவேண்டாம். கிராங்கை அச்சோடு பிடிக்கும் கொட்டர் பின் இரண்டைத் தட்டினால் அது அரை மணித்தியாலத்தில் வேறு சைக்கிளுக்கு மாறிவிடும்.

கேள்வி (கரவெட்டி): நம்பர் எங்கே இருக்கும்? நாலைந்து தரம் பெயின்ற் அடித்திருக்கு. மணல்தாள் போடலாமா?

பதில்: மணல்தாளைத் தொடவே வேண்டாம். நம்பர் அச்சு ஆழமில்லாதது. ஒருதரம் தேய்ந்தால் போனது போனதுதான். முதலில் சீற் குழாய் மூட்டின் பக்கத்தையும் பின்புறத்தையும் பாருங்கோ. இல்லையென்றால் கவிழ்த்துப் பெடல் கூட்டின் அடி, பிறகு பின்சில்லு செருகும் காது.

மண்ணெண்ணெய்த் துணியால் ஊத்தையை எடுத்து, தீப்பெட்டி அளவு இடத்தில் மட்டும் பெயின்ற் றிமூவர் பூசிப் பத்து நிமிடம் விடுங்கோ. மூங்கில் சீவலால் வழித்து, ஒவ்வொரு படையாக இறங்கவேண்டும். அடியில் கறுப்பு எனாமல் வந்ததும் நிறுத்துங்கோ. தங்கக்கோடு அந்தப் படையில்தான் கிடக்கும். சோக்கட்டியைத் தேய்த்து மேலாகத் துடைத்தால் வெள்ளை எழுத்தின் பள்ளத்தில் நிற்கும். ரோச்சை நேராகப் பிடிக்காமல் சரித்துப் பிடியுங்கோ. 3உம் 8உம் இங்கேதான் ஏமாற்றும். வேலை முடிந்த கையோடு மெஷின் எண்ணெய் பூசுங்கோ, எங்கள் உப்புக்காற்றுக்கு வெறும் இரும்பு ஒரு இரவு தாங்காது.

கேள்வி (மானிப்பாய்): றலி நம்பர் கிடைத்துவிட்டது. எந்த ஆண்டு?

பதில்: நம்பரை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. றலி பல வரிசைகளைக் கலந்து அடித்தது. இணையத்தில் சுற்றும் அட்டவணைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. பின்சில்லு ஹப் ஸ்டேர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் என்றால் அதிர்ஷ்டம். கோதின் கிறீஸைத் துடைத்தால் ‘ஏடபிள்யூ 56 4’ என்பது போல இருக்கும்: ஏடபிள்யூ ஹப்பின் மொடல், பிறகு 1956, நாலாம் மாதம். டைனமோ ஹப்பிலும் அப்படித்தான். ஆனால் அது ஹப்பின் வயது. சில்லு மாறினதா என்று கம்பி ஓட்டைகளை எண்ணுங்கோ. முன்னுக்கு 32, பின்னுக்கு 40 என்பதே பழைய இங்கிலாந்து முறை. இரண்டும் 36 என்றால் சில்லு பிறகு வந்திருக்கலாம். ஒற்றைக் கியர் ஹப் என்றால் இந்த வழி கிடையாது. நம்பரையும் படங்களையும் இங்கிலாந்தின் வெட்டரன் சைக்கிள் கிளப்புக்கு அனுப்பலாம். அங்கே கொம்பனிவாரியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (சாவகச்சேரி): சின்னம் றலி, பல்லுச்சில்லில் ஐந்து மனித உருவம். கலப்போ?

பதில்: பல்லுச்சில்லு ஹம்பர் என்ற இன்னொரு இங்கிலாந்துக் கொம்பனியுடையது. றலிக்குக் கொக்குத் தலை, றட்ஜ் என்ற கொம்பனிக்குக் கை. ஹம்பரை றலி 1932இலும் றட்ஜை 1943இலும் வாங்கிவிட்டதால் மாற்றிப் போட்டாலும் இலகுவாகப் பொருந்தும். முன்போர்க்கைப் பாருங்கோ. ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாய் என்றால் போர்க்கும் ஹம்பர்தான்.

கேள்வி (பருத்தித்துறை): என்னுடையது ஹேர்குலிஸ். இங்கிலாந்துச் சாமானா, இந்தியாவா?

பதில்: பெயர் உதவாது. சென்னை அம்பத்தூரில் ரி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. ஹேர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. மூன்றும் அங்கும் செய்யப்பட்டன. றலியை வங்காளத்து அசன்சோலில் சென்-றலி என்ற கொம்பனி செய்தது. சின்னத்தின் அடியில் எந்த ஊர் என்று வாசியுங்கோ. கம்பி எண்ணிக்கை இதில் கைகொடுக்காது, இந்தியச் சைக்கிளுக்கும் 32, 40 தான்.

கேள்வி (சுன்னாகம்): பழைய றலியின் பெடல் கூட்டுக்குப் புதுக் கப் (அச்சைத் தாங்கும் புரிக் கிண்ணம்) வாங்கினேன். இரண்டு சுற்றிலே இறுகி நிற்குது.

பதில்: சாவியில் பைப் போட்டு இறுக்கவேண்டாம், கூட்டின் புரி போய்விடும். நொட்டிங்ஹாம் றலியின் புரி அங்குலத்துக்கு 26, கடையில் கிடைக்கும் கப் 24. கழற்றிய பழைய கப்பில் அரை அங்குலத்தை எண்ணுங்கோ: 13 புரி வந்தால் றலி, 12 வந்தால் மற்றது. வலப்பக்கக் கப் இடம்புரி என்பதால் வலப்பக்கம் திருப்பித்தான் கழற்றவேண்டும். இந்த எண்ணிக்கை பிறப்புச் சாட்சியும்தான். பி.எஸ்.ஏ. சைக்கிள் பகுதியை றலி வாங்கியது 1957இல். பி.எஸ்.ஏ. சின்னத்தோடு 26 புரிக் கூடு இருந்தால், சின்னம் மாறாதவரை, அது அதற்குப் பிந்திய சைக்கிள்.

கேள்வி (காரைநகர்): விறகு கட்டப் பெரிய கரியரும் இரட்டைக் கம்பியும் ஒட்டியிருக்கு. போர்க்கிலை டைனமோக் கொழுவி. ஒரு தகரத் தகடும் தொங்குது. எல்லாத்தையும் எடுத்து ஒறிஜினல் ஆக்கட்டோ?

பதில்: ஒட்டின இடத்தைப் பாருங்கோ. பட்டறை மூட்டின் ஓரத்தில் மெல்லிய பித்தளைக் கோடு தெரியும். பிறகு ஒட்டியது கட்டிகட்டியாக நிற்கும். அரிந்தெடுத்தால் குழாய் மெலியும், சூட்டில் எனாமலும் போகும், ஆகவே விடுங்கோ. அந்த டைனமோவைச் சுற்றித்தான் தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத வீடுகளில் ரேடியோ கேட்டார்கள், கொழுவியும் இருக்கட்டும்.

தகடு சபை கொடுத்த சைக்கிள் லைசன்ஸ். ‘கிராம சபை’ என்றிருந்தால் 1981க்கு முந்தியது, அந்தச் சபைகள் அப்போதுதான் கலைக்கப்பட்டன. யாழ்ப்பாண மாநகர சபை என்றால் 1949இலோ அதற்குப் பிறகோ கொடுத்தது. அது ஓடிய இடத்துக்குச் சாட்சி, செய்த இடத்துக்கு அல்ல. பொலிஷ் போடாமல், தகடு தொங்கும் கம்பியைக்கூட மாற்றாமல் படம் எடுத்து வையுங்கோ.