கோச்சிங் இப்போதைக்கு வேண்டாம் ஐயா

குடியாத்தத்திலிருந்து வந்து போன ஐயாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கிய பையன், வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ-யின் மாதிரித் தேர்வில், கணக்கில் 170-க்கு 156-தான் வாங்குகிறான், சென்னையில் கோச்சிங் சேர்க்கட்டுமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, தவறவிட்ட ஒன்பது கணக்குகளைத் தம்பியிடம் மறுபடி கொடுத்தேன். ஆறை அங்கேயே சரியாகப் போட்டுவிட்டான். எக்ஸ் பெரியதா, எக்ஸ் ஸ்கொயர் பெரியதா என்று ஒரு கேள்வி. ஸ்கொயர்தான் என்று டிக் அடித்திருந்தான். "அரையைப் போட்டுப் பார்" என்றேன். அரையின் வர்க்கம் கால். சிரித்துவிட்டான். 'சொல்ல முடியாது' என்பதுதான் விடை. நம் பரீட்சைகளில் அப்படி எழுதினால் முட்டைதான் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அது தோன்றாததில் ஆச்சரியமில்லை. பின்னம், பூஜ்யம், மைனஸ் மூன்றையும் போட்டுப் பார்க்காமல் இந்த வகைக் கேள்விக்கு விடை குறிக்கவே கூடாது.

அப்புறம் நேரம். கணக்கு இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். தம்பி ஒரே கணக்கோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டியிருக்கிறான். முதல் பகுதியில் சறுக்கினால் இரண்டாவது எளிதாக வரும். சந்தோஷப்பட வேண்டாம், அதை முழுக்கச் சரியாகப் போட்டாலும் மதிப்பெண் ஓரளவுக்கு மேல் ஏறாது. வராத கணக்கைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகட்டும், அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வரலாம். தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடக் கூடாது.

கால்குலஸ், திரிகோணமிதி எதுவும் வராது. சதவீதம், விகிதம், சராசரி, நிகழ்தகவு மாதிரி பள்ளிக்கூடக் கணக்குதான். 500 ரூபாய் லுங்கிக்கு 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 480 என்பது கல்லாவில் உட்காரும் உங்களுக்குத் தெரியும். தம்பி 500 என்று எழுதியிருக்கிறான். திட்டாதீர்கள்.

ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறேன். தவறிய கணக்கு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரி: தெரியாததா, அவசரமா, கேள்வியைச் சரியாகப் படிக்காததா? தேர்வு நடத்தும் இடிஎஸ் தரும் இலவச மாதிரித் தேர்வுகளில் ஒன்றைக் கடைசி இரண்டு வாரத்துக்கு மிச்சம் வைக்கட்டும். முதல் முறை சரியாக வராவிட்டாலும் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

மூன்று வாரம் கழித்து அந்த நோட்டோடு காட்பாடிக்கு வரச் சொல்லுங்கள். 'தெரியாதது' என்ற வரி அதிகமாக இருந்தால், கோச்சிங் பற்றி அப்போது பேசலாம்.