பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டது, இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்பச்சிக்கு வயது 67. நேற்றுக் காலை காப்பி குடிக்கும்போது டம்ளர் நழுவி விழுந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். பிரஷர் மாத்திரையை ஆறு மாதமாக விட்டுவிட்டார். புறா ரத்தம் தேய்த்தால் வாதம் அண்டாது என்கிறார் ஆத்தா. என்ன செய்யலாம்?

பதில்: இதைப் படித்ததும் அவரை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வாயு இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றில் உறைவு அடைத்து, தானே விலகியிருக்கிறது. டாக்டர்கள் இதை டி.ஐ.ஏ. என்பார்கள். இப்படி ஒருமுறை வந்தவருக்கு முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாளில்தான் மிக அதிகம். உங்கள் அப்பச்சிக்கு அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூளை ஸ்கேன், ஈ.சி.ஜி., கழுத்து ரத்தக் குழாயில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். ஈ.சி.ஜி. எதற்கு என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். இதயம் தாளம் தப்பித் துடித்தால் உள்ளேயே ரத்தம் உறைந்து மூளைக்கு ஏறும். அதற்கு மருந்தே வேறு. வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பக்கவாதம் பெரும்பாலும் அடைப்பால் வருகிறது. ஆனால் குழாய் வெடித்து ரத்தம் கசிந்தும் வரும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும்.

ஆத்தா மேல் கோபப்படாதீர்கள். தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நம்பிக்கை அது. ஆனால் அடைப்பு இருப்பது மூளையில், தோலில் தேய்ப்பது அங்கே போய்ச் சேராது. புறாவைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறதே, எனக்கு அதுதான் பதைக்கிறது. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. உறைவைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகவே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் ராத்திரியிலும் ஸ்கேன் எடுத்து இந்த ஊசி போடும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று காரைக்குடி, சிவகங்கை, புதுக்கோட்டை எல்லாம் விசாரித்து இப்போதே குறித்து வையுங்கள்.

மறுபடி வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், திடீரெனப் பார்வை மங்கினால் உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று டாக்டர் முதலில் கேட்பார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் காப்பி, தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் செயல் இழந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

பக்கவாதம் என்றால் கைகால் விளங்காமல் போவது என்றுதான் நினைக்கிறோம். இடப்பக்க மூளை பாதித்தால் பலருக்குப் பேச்சே போய்விடும். மனசுக்குள் இருக்கும், வார்த்தை வராது. வலப்பக்கம் பாதித்த சிலர் தட்டின் இடப்பாதிச் சோற்றைப் பார்க்காமலே எழுந்துவிடுவார்கள். காரணமில்லாமல் அழுகை வரும். பிடிவாதம் என்று வீட்டில் அதட்டுவார்கள், பாவம், அது மூளைக் காயத்தின் வேலை. பலருக்கு மனச்சோர்வும் வருகிறது. படுக்கையில் விழுந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் புண் வரும். விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதனால் பிசியோதெரபியைத் தள்ளிப்போடக் கூடாது.

இத்தனையையும் தடுப்பதில் பிரஷர் மாத்திரைக்குத்தான் முதல் இடம். மேல் அளவு 10 குறைந்தாலே பக்கவாத ஆபத்து சுமார் கால் பங்கு குறைகிறது. பிரஷர் வலிக்காது, தலை சுற்றாது; அதனால்தான் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை இன்று டாக்டர் சொல்லட்டும், பழைய மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். பிறகு மாதாமாதம் வாங்கப் போவதுதான் சிரமம் என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். ஊர்ச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

அப்புறம் உப்பு. ஒருநாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிதான். நம் பக்கத்து உப்புக்கண்டம், மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய் எல்லாமே உப்பில் ஊறியவை. மிளகு, சீரகம், பூண்டு கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் அதையும், பீடி சிகரெட்டையும் அடியோடு விட வேண்டும்.

பெரிய வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும் இருந்து, பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், சாவியை அடுத்த வீட்டில் ஒன்று கொடுத்து வையுங்கள். இன்று கிளம்பும்போது அவருடைய பழைய மருந்துச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.