மச்சான் கடையில் நிற்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உடுமலைப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னை. வெள்ளை ஈயும் வாடல் நோயும் சேர்ந்து தோப்பைக் காயவைத்துவிட்டன. மனைவியின் அண்ணன் எப்போதோ போட்ட குடும்ப விசா மனு பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்துக் கைகூட, நாற்பத்திரண்டு வயதில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இல்லினாயில் ஒரு சிற்றூரில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். பகலில் மச்சானின் பெட்ரோல் பங்க் கடையில் கல்லா; இரவில் அவர் வீட்டு பேஸ்மென்டில் தூக்கம். ஐந்து மாதமாகிறது. "தோப்பு வைத்திருந்தவன் இப்போது சிகரெட்டும் லாட்டரிச் சீட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். இங்குள்ளவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள்? ஊருக்கே திரும்பிவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. யாரும் எப்படியும் பார்க்கமாட்டார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் கல்லாவுக்கு வந்தால் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள், காப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பேச்சுவாக்கில் நானும் விவசாயிதான் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மழை, உர விலை, பூச்சி என்று தொடங்கினால் பின்னால் நிற்கும் வரிசை நீளுவதுகூட அவர்கள் கண்ணில் படாது. மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறவனுக்குத் தென்னைக்காரன் அந்நியன் அல்ல.

இரண்டாவது கேள்வி அப்படி எளிதில்லை. நீங்கள் எழுதியதில் ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை. மச்சானின் நல்ல மனது இருக்கிறது, அண்ணியின் சமையல் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளி இருக்கிறது. சம்பளம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அதனால் உங்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். விவசாயத்தில் தோற்றுத் தம்பிமார் பார்த்துக்கொண்ட கடையில் வேலைக்கு வந்த ஒருவரின் கதை. ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது எங்கள் டுபுக் நகரம். பாலத்தைத் தாண்டி இல்லினாய்க்குள் போனால் அரை மணி நேரத்தில் கலீனா வந்துவிடும். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிக்கொண்டு போவது அங்கேதான். கலீனா என்பது ஈயத் தாதுவின் பெயர். சுரங்கம் ஓகோவென்று ஓடிய காலத்தில் நீராவிப் படகுகள் ஊருக்குள்ளேயே வந்து நின்றன. பிறகு ஆறு தூர்ந்துவிட்டது, ஊரும் சுருங்கிவிட்டது. இன்று மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

1860 வசந்தத்தில் அப்படி ஒரு படகிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. 38 வயதை எட்டிக்கொண்டிருந்த கணவர், சாயம் வெளுத்த நீல ராணுவ மேலங்கியில். மனைவி ஜூலியா. நான்கு பிள்ளைகள், மூத்தவனுக்குப் பத்து வயது ஆகப்போகிறது, கடைக்குட்டிக்கு இரண்டு. வீட்டு நாற்காலிகளைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் இறங்கினார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். பெயர் யுலிசிஸ் கிராண்ட். ஆம், டாலர் நோட்டில் இருப்பவரேதான். நீங்கள் கல்லாவில் ஐம்பது டாலர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது உங்களைத் திரும்பிப் பார்க்கிற தாடிக்காரர்.

அவர் கலீனாவுக்கு வந்து சேர்ந்த வழியைக் கேளுங்கள். அப்பா ஜெஸ்ஸி ஓஹயோவில் தோல் பதனிடுபவர். பையனுக்கோ அந்த நாற்றம் ஆகவே ஆகாது. குதிரை என்றால் மட்டும் உயிர். ராணுவக் கல்லூரி, மெக்சிகோ போர் என்று போய், 1848இல் மிசௌரியில் ஜூலியாவைக் கைப்பிடித்தார். பெண் வீட்டார் அடிமைகளை வைத்து நிலம் பார்த்தவர்கள். பையன் வீட்டார் அடிமை முறையை வெறுத்தவர்கள். பையனைப் பெற்றவர்கள் கல்யாணத்துக்கே வரவில்லை. பின்னால் ராணுவம் அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து மேற்குக் கரைக்கு அனுப்பியது. இரண்டாவது மகனுக்கு இரண்டு வயதான பிறகுதான் அவன் முகத்தையே பார்த்தார். 1854இல் ராஜினாமா செய்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

வந்ததும் அப்பா ஒரு வழி சொன்னார். கலீனாவில் இருக்கும் நம் தோல் கடையில் வேலை தருகிறேன். ஆனால் செலவு மிச்சமாக வேண்டும், ஆகவே ஜூலியாவும் பிள்ளைகளும் எங்களோடு இருக்கட்டும், இல்லாவிட்டால் அவள் அப்பா வீட்டில் இருக்கட்டும். கிராண்ட் கோபத்தோடு மறுத்துவிட்டார் என்று ஜூலியா எழுதிவைத்திருக்கிறார். கையில் காசில்லாத நேரத்தில் இந்த மறுப்பைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு அது வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுத்தவர் போன இடம் மாமனார் நிலம். செயின்ட் லூயிஸ் அருகே, மகளுக்குக் கல்யாணச் சீராக அவர் ஒதுக்கிய 80 ஏக்கர். கிராண்டே மரம் அறுத்து, அக்கம்பக்கத்தாரும் மாமனாரின் அடிமைகளும் கைகொடுக்க, ஒரு மரவீடு கட்டினார். அதற்கு ஹார்ட்ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். கரட்டு நிலத்தில் உழைத்து உழைத்தும் வயிறு நிறையாத பிழைப்பு என்று அர்த்தம். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர். ஜூலியாவுக்கு அந்த வீடு பிடிக்கவே இல்லை. மூன்று மாதம்போல இருந்தார்கள். அதற்குள் ஜூலியாவின் அம்மா இறந்துபோக, மாமனார் வீட்டுக்கே குடிபோனார்கள். வீட்டோடு மாப்பிள்ளை. நிலத்து விளைச்சல் போதாமல் விறகு வெட்டி வண்டியில் ஏற்றி, செயின்ட் லூயிஸ் தெருக்களில் விற்றார். அதே நீல மேலங்கி. ராணுவத்தில் கூட இருந்தவர்கள் எதிரே வந்து அடையாளம் தெரியாமல் திகைத்ததும் உண்டு.

1857இல் நாடு முழுக்கப் பணமுடை. அந்த ஆண்டு டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, தன் தங்கக் கடிகாரத்தையும் சங்கிலியையும் 22 டாலருக்கு அடகு வைத்தார். அந்த அடகுச் சீட்டு அழியாமல் இருந்து வெளிச்சத்துக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கத்தான் என்கிறார்கள். அடுத்த ஆண்டு குளிர்காய்ச்சல். கலப்பை பிடிக்கத் தெம்பில்லை. மாட்டையும் கருவிகளையும் விற்றுவிட்டு நகரத்துக்குப் போய், ஜூலியாவின் உறவினரோடு கூட்டாக வாடகை வசூல் தொழில். குடித்தனக்காரரை அதட்டத் தெரியாதவர் வாடகை வசூலுக்குப் போனால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. மாவட்டப் பொறியாளர் வேலைக்கு மனுப் போட்டார். ஐவர் குழுவில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் பொய் சொன்னதாகும். இதே பஞ்சத்தில், 1859 மார்ச்சில், தன் பெயரில் இருந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமையை நீதிமன்றம் போய் விடுதலை செய்தார். விற்றிருந்தால் கடனெல்லாம் தீர்ந்திருக்கும். அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். அத்தனை ஆண்டும் அந்தக் குடும்பம் சாப்பிட்டது அடிமைகளின் உழைப்பில்தான்.

கடைசியில் அப்பாவிடமே போய் நின்றார். கலீனா கடையை அப்போது நடத்தியவர்கள் தம்பிகள் சிம்ப்சனும் ஆர்விலும். ஆர்வில் அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். சேணம், குதிரை வார், செருப்புத் தைப்பவர்களுக்கான தோல் எல்லாம் விற்கும் கடை. விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தோலை எடைபோட்டு வாங்கவும் வேண்டும். சின்ன வயதில் எந்த நாற்றத்துக்குப் பயந்து ஓடினாரோ அதுவே தராசில் வந்து உட்கார்ந்தது. நல்ல வியாபாரி என்று அவரை யாரும் சொல்லவில்லை. விலை நினைவிருக்காது, பேரம் வராது.

ஆனால் தம்பி, இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. குடும்பம் கூடவே வந்தது. சம்பளம் இவ்வளவு என்று பேச்சு இருந்தது. ஆண்டுக்கு 600 டாலர் என்பார்கள். கடை கீழே பிரதான வீதியில். வீடு மேலே, குன்றின் மீது, வாடகைக்குப் பிடித்த செங்கல் வீடு. மாமனாருடையது அல்ல, அப்பாவுடையதும் அல்ல. மாலையில் கடை மூடியதும் அந்த நீளப் படிக்கட்டை ஏறிப் போவார். வாசலில் கடைக்குட்டி ஜெஸ்ஸி மறித்துக்கொண்டு, ஐயா சண்டைக்கு வருகிறீரா என்று சவால் விடுவான். நான் சமாதானப் பிரியன், ஆனாலும் உன் அளவு ஆளிடம் மிரட்டல் வாங்கமாட்டேன் என்று கோட்டைக் கழற்றுவார் அப்பா. இரண்டு வயதுப் பையன் குத்த, மெக்சிகோ போரைப் பார்த்த மனிதர் தரையில் விழுந்து உருண்டு தோற்பார். ஜூலியாவுக்கு மாறுகண், சிறிய எழுத்தைப் படிப்பது சிரமம். இரவில் செய்தித்தாளை அவர் உரக்கப் படிக்க, ஜூலியா கேட்டுக்கொண்டிருப்பார்.

ஓராண்டில் உள்நாட்டுப் போர் வந்தது. ஊரில் ராணுவத்தில் பழகிய ஆள் என்று அவரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். பிறகு படைத்தலைவர், பதினெட்டாவது ஜனாதிபதி, எல்லாம் நீங்கள் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். கல்லாவில் நிற்பவர் நாளை ஜனாதிபதி ஆகலாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் போர் வந்திராவிட்டால் அவர் கலீனாவில் சுமாரான தோல் வியாபாரியாகவே இருந்து செத்திருப்பார். அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஓராண்டு மட்டும்.

இப்போது என் கதை. 1999இல் என் கணவரோடு வந்தேன், வேறொரு மாநிலத்துக்கு. அவர் வழியில் ஒரு சொந்தக்காரர், மோட்டல் வைத்திருந்தார். நம் வீடு மாதிரி இருங்கள் என்றார். பதினான்கு மாதம் அப்படியே இருந்தோம். காலையில் பதினெட்டு அறையின் படுக்கை விரிப்பைத் துவைத்து, உலர்த்தி, நான்காக மடிப்பேன். சூடான துணியும் சலவைத்தூளும் கலந்த அந்த வாடை இன்றும் எங்காவது வந்தால் என் இடுப்பு வலிக்கிறது. தங்க இடம், சாப்பாடு, அவசரத்துக்குக் கையில் கொஞ்சம் பணம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் கேட்க நா எழவில்லை. என்ன கேட்டாலும் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோமோ என்று பயம். பல ஆண்டு கழித்து சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியக் கணக்கைத் திறந்து பார்த்தபோது அந்த மாதங்களுக்கு நேரே பூஜ்யம். நான் இந்த நாட்டில் வேலையே செய்யவில்லை என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஓய்வூதியத்துக்கு, வரி பிடித்த சம்பளத்தால் சேரும் 40 புள்ளிகள் வேண்டும். ஆண்டுக்கு நான்குக்கு மேல் கிடைக்காது. ஆக, முறைப்படி சம்பளம் வாங்கிய பத்து ஆண்டுகளாவது தேவை. 65 வயதில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் மருத்துவமனைப் பகுதியைப் பிரீமியம் இல்லாமல் பெறவும் அதே 40தான் கணக்கு. நாற்பத்திரண்டில் வந்தவருக்கு ஐந்து மாதம் சின்ன விஷயமல்ல. மச்சானிடம் உட்கார்ந்து பேசுங்கள். மணிக்கு இவ்வளவு என்று முடிவாகட்டும், வரி பிடித்துச் சம்பளச் சீட்டு வரட்டும், ஜனவரி முடிவதற்குள் முந்தைய ஆண்டின் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் கையில் வரட்டும். பேஸ்மென்டுக்கு நீங்கள் வாடகை கொடுங்கள். கொஞ்சமாக இருந்தாலும் மாதம் தவறாமல் கொடுங்கள். பிறகு வசதிப்படும்போது இரண்டு அறை அபார்ட்மென்ட் ஒன்றைப் பாருங்கள், கடையிலிருந்து தள்ளி.

உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அண்ணன் வீடுதானே, அவளுக்கு என்ன கஷ்டம் என்று நினைக்காதீர்கள். அண்ணி அடுப்பில் தன் குழம்புக்குப் புளி கரைக்க நேரம் பார்த்துக் காத்திருப்பவர் அவர். முதலில் அவரிடம் பேசுங்கள், பிறகு மச்சானிடம். திரும்பிப் போவதா என்பதை அபார்ட்மென்டில் ஒரு குளிர்காலம் கழித்த பிறகு இருவரும் முடிவு செய்யுங்கள். இப்போது நீங்கள் ஓட நினைப்பது இந்த நாட்டைவிட்டா, அந்தப் பேஸ்மென்டைவிட்டா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கடைக்கு லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு டுபுக் வாருங்கள். காலையில் இட்லி, பிறகு கலீனா. 1865இல் ஊர்க்காரர்கள் கிராண்டுக்குப் பரிசாகக் கொடுத்த பெரிய வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அதை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எனக்குக் காட்ட வேண்டியது மற்றது, மேலே இருக்கும் வாடகை வீடு. இப்போது அதில் யாரோ குடியிருக்கிறார்கள், வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். படிகளை ஒவ்வொரு முறையும் எண்ணத் தொடங்குவேன். பாதியில் மூச்சு வாங்கி எண்ணிக்கை தவறிவிடும். உங்கள் பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும்.