பதில்: இலவச வைஃபை வந்தால் கடை ஃபைபரை வெட்டலாமா?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறு கொம்பியூட்டரோடு கடை. நகரம் முழுக்க இலவச வைஃபை வந்தால் ஃபைபர் இணைப்பை வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டாதீர்கள்.

தெருக் கம்பத்தில் மாட்டும் வைஃபை பெட்டியின் சிக்னல் கடைக்குள் வரும், போனில் கோடும் நிறையக் காட்டும். ஆனால் போன் அனுப்பும் சிக்னல் வலுக் குறைந்தது. கொங்கிரீட் சுவர் தாண்டிக் கம்பத்துக்குத் திரும்பிப் போய்ச் சேராது. கோடு இருக்கும், பக்கம் திறக்காது. அதோடு, ஒரு சனலில், அதாவது சிக்னல் போகும் ஒரே அலைவரிசையில், எல்லாரும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸை 40 பேர் இழுத்தால் கணக்குக்குத் தலைக்கு 2.5. தூரத்தில் நின்று மெதுவாக அனுப்பும் ஒரே போன் மற்றவர்களின் நேரத்தையும் தின்றுவிடும்.

அடி விழுவது உங்கள் டேட்டா ரீலோட் விற்பனைக்கு. ஃபைபர் கம்பனிகளுக்குப் பெரிய நட்டமில்லை. கம்பத்துக்கு வரும் லைனையே அவர்களிடம்தானே வாங்க வேண்டும்! இலவச வைஃபை நிலைக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள்: அமெரிக்காவில் பிலடெல்பியா நகர் முழுக்க வைஃபை போடப் புறப்பட்ட எர்த்லிங்க் என்ற இணையக் கம்பனி 2008இல் கைவிட்டு வெளியேறியது.

உண்மையான தலையிடி சனல் மோதல். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று மிதிக்காத சனல்கள் 1, 6, 11 மட்டுமே. வைஃபை அனலைசர் ஆப்பில் கம்பம் எதில் நிற்கிறது என்று பார்த்து, உங்கள் ரவுட்டரை மிச்ச இரண்டில் நெரிசல் குறைந்ததில் போடுங்கள். ரவுட்டரில் சனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40இல் விட்டால் பக்கத்துச் சனலிலும் ஏறி மோதும். கொம்பியூட்டர்களுக்கு வைஃபையே வேண்டாம், கேட் 6 என்ற நெட்வேர்க் வயர் இழுங்கள். ஆறு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், ரவுட்டர்: இந்த வயர்களைச் சேர்க்க எட்டு வயர் குத்தும் 8 போர்ட் நெட்வேர்க் சுவிட்ச் சரியாகப் போதும்.