500 பேர் பார்த்தார்கள் என்று சொன்னவர் ஒருவர்

கேள்வி: உயிர்த்தெழுந்த இயேசுவை ஒரே நேரத்தில் 500 பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று பைபிளில் தெளிவாக இருக்கிறது. நீதிமன்றத்துக்கு 2 சாட்சி போதும். அலெக்சாண்டர் செத்து 400 ஆண்டு கழித்து எழுதியதை வரலாறு என்கிறீர்கள். 25 ஆண்டுக்குள் எழுதிய இதை மட்டும் வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குகிறீர்கள். இது பாரபட்சம் இல்லையா?

பதில்: முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பிடும் வரி, ஆதி கிறிஸ்தவத் தலைவரான பவுல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு (கொரிந்தியருக்கு) எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில் வருகிறது. கடிதத்தின் காலம் கி.பி. 55-ஐ ஒட்டி. இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33. பழங்காலச் சான்றுகளில் இவ்வளவு நெருக்கமானவை அதிகம் கிடையாது. தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகப் பவுல் சொல்வதால், உயிர்த்த இயேசு யார் யாருக்குத் தோன்றினார் என்று அங்கே வரும் பட்டியலின் முதற்பகுதியாவது அவருக்கு முந்தியது என்றே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். 'இதெல்லாம் 325-இல் நைசியாவில் பிஷப்புகள் கூடிக் கட்டிய கதை' என்று எனக்கு எழுதுகிறவர்களும் உண்டு. அவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.

சரி, இப்போது உங்கள் கணக்கு. 500 பேர் சாட்சி சொன்னதாக நினைக்கிறீர்கள். 500 பேர் பார்த்தார்கள் என்று ஒரே ஒருவர் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த 500 பேரில் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை. எந்த ஊரில், எப்போது, எதைப் பார்த்தார்கள் என்பதும் இல்லை. அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று பவுல் சேர்த்துச் சொல்கிறார். ஆனால் கொரிந்துவில் உட்கார்ந்து அதைக் கேட்ட ஒருவர், யாரிடம் போய் விசாரிப்பது என்றே தெரியாமல்தான் இருந்திருப்பார். இத்தனை பெரிய காட்சியை இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் 4 நற்செய்தி நூல்களில் ஒன்றும் விவரிக்கவில்லை. நீதிமன்றத்தை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன்: அங்கே சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். 'பலர் பார்த்தார்களாம்' என்று இன்னொருவர் வந்து சொன்னால் அது செவிவழிச் சாட்சியம்.

அந்தப் பட்டியலில் தன் சொந்த அனுபவத்தைச் சொல்கிறவர் பவுல் மட்டும்தான். எல்லாருக்கும் பின்பு எனக்கும் காட்சியளித்தார் என்கிறார். மற்றவர்களுக்குப் போட்ட அதே வினைச்சொல்லைத் தனக்கும் போடுகிறார். தமஸ்கு நகருக்குப் போகும் வழியில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஒளியும் ஒரு குரலும் என்கிறது பைபிளின் அப்போஸ்தலர் பணிகள் நூல். அப்படியானால் மற்றவர்கள் பார்த்ததும் அந்த வகையா, கையால் தொடக்கூடிய உடலா? பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது.

நற்செய்திகளுக்குப் போனால், காலத்தால் முந்தியது மாற்கு, ஏறத்தாழ 70-ஐ ஒட்டியது. வத்திக்கான் சுவடி, சினாய் சுவடி என்ற 2 பழம்பிரதிகளிலும் (இரண்டும் 4-ஆம் நூற்றாண்டு) கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடி, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதோடு அந்த நூல் முடிந்துவிடுகிறது. இயேசு தோன்றும் 12 வசனங்கள் பிறகு சேர்ந்தவை.

அலெக்சாண்டருக்கு வருவோம். அவரைப் பற்றி எழுதியதை எல்லாம் நாம் அப்படியே விழுங்குவதாக நினைக்கிறீர்கள். அவர் கி.மு. 323-இல் பாபிலோனில் இறந்ததை ஏற்கிறோம் என்றால், அதே ஆண்டில் மன்னர் இறந்ததாகப் பாபிலோனிய வானியல் குறிப்பேட்டின் களிமண் பலகை ஒன்று சொல்கிறது. அதே அலெக்சாண்டர் எகிப்தின் பாலைவனத்தில் சீவா கோயிலுக்கு வழி தெரியாமல் தவித்தபோது என்ன நடந்தது? 2 பாம்புகள் குரல் கொடுத்துக்கொண்டே படைக்கு முன்னால் போய் வழிகாட்டின என்று தாலமி எழுதியிருக்கிறார். இல்லை, 2 காக்கைகள் பறந்து வழிகாட்டின என்கிறார் அரிஸ்டோபுலஸ். இருவருமே அலெக்சாண்டரோடு படையெடுப்பில் இருந்தவர்கள். இரண்டையும் பிற்காலத்தில் பதிவு செய்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஏரியன். அவர் நூலை வைத்துத்தான் அலெக்சாண்டரின் போர்களை எழுதுகிறோம், ஆனால் எந்த வரலாற்றாசிரியரும் பாம்பை எடுத்துக்கொள்வதில்லை. பாரபட்சம் என்று அதைச் சொல்வீர்களா?

இன்னும் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது, இதை நிதானமாகப் படியுங்கள். அலெக்சாந்திரியா நகரம். புதிதாகப் பேரரசரான வெஸ்பாசியன் ரோமுக்குக் கப்பல் ஏறக் காத்திருக்கிறார். கண் தெரியாத ஒருவர் வந்து காலில் விழுந்து, உங்கள் உமிழ்நீரை என் கண்ணில் பூசுங்கள் என்று கதறுகிறார். கை விளங்காத இன்னொருவர், உங்கள் பாதத்தால் என் கையை மிதியுங்கள் என்கிறார். வெஸ்பாசியன் முதலில் சிரித்துத் தட்டிக்கழிக்கிறார். அப்புறம் மருத்துவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார். பார்வை முழுதாக அழிந்துவிடவில்லை, தடை நீங்கினால் திரும்பும் என்கிறார்கள் அவர்கள். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டபடியே செய்கிறார். கை இயங்குகிறது, கண்ணில் பகல் ஒளிர்கிறது. எழுதியவர் டாசிடஸ், ரோமின் கறாரான வரலாற்றாசிரியர். நடந்து ஏறத்தாழ 40 ஆண்டுக்குள் எழுதுகிறார். அங்கே இருந்தவர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள், இனிப் பொய் சொல்லி அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை என்றும் சேர்க்கிறார். சூட்டோனியஸும் இதை எழுதுகிறார், கைக்குப் பதில் கால் என்கிறார்.

நேரில் பார்த்தவர்கள், பொது இடம், மருத்துவர் கருத்து, குறுகிய இடைவெளி, இரண்டு ஆசிரியர்கள். நீங்கள் நம்பப் போவதில்லை. புது அரசருக்கு மக்கள் மதிப்பு தேவைப்பட்டது, பார்வை பாதிதான் போயிருந்தது, கையா காலா என்றே ஒத்துப்போகவில்லை என்று உடனே அடுக்குவீர்கள். அந்தக் கேள்விகள் அத்தனையும் சரியானவை. அதே கேள்விகளோடு, அதே கண்டிப்போடு, பெத்சாயிதாவில் இயேசு ஒரு குருடரின் கண்ணில் உமிழ்ந்து குணமாக்கியதாக மாற்கு சொல்லும் இடத்தையும் படியுங்கள். அடுத்தவர் அற்புதத்துக்கு ஒரு தராசு, நம் அற்புதத்துக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொண்டிருக்கும்வரை பாரபட்சம் உங்களிடம்தான் இருக்கிறது.

ஒரு வித்தியாசத்தை நீங்கள் சொல்லலாம், நானும் ஏற்கிறேன். வெஸ்பாசியனுக்கு அரியணை கிடைத்தது. சீடர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலே பக்கம் மாறினார். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. தாங்கள் கண்டதாக அவர்கள் மனதார நம்பினார்கள் என்பதை நம்பிக்கையில்லாத ஆய்வாளர்களிலும் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். இறந்த நெருங்கியவரைக் கண்ணெதிரே கண்டதாக மனம் கலங்கிச் சொல்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஒரு கூட்டமே கண்டதென்றால் அந்த விளக்கம் அவ்வளவு எளிதில் பொருந்தாது என்பதும் உண்மை. ஆனால் மனதார நம்பினார்கள் என்பதிலிருந்து அப்படியே நடந்தது என்பதற்குத் தாவ, வரலாற்றிடம் பாலம் இல்லை. நீங்கள் விசுவாசத்தால் தாண்டுவதை நான் தடுக்கவில்லை. வரலாறு தாண்டிவிட்டது என்று எழுதினால் மட்டும் மறுப்பேன்.

இந்தக் கண்டிப்பு கிறிஸ்தவத்துக்கு எதிரிகள் கொண்டுவந்தது என்றும் எண்ண வேண்டாம். 1858-க்குப் பிறகு மாதா திருத்தலமான லூர்து நகரில் குணமானதாகப் பதிவானவர்கள் 7,000 பேருக்கு மேல். அற்புதம் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றது 70 சொச்சம். இயேசுவின் உடலைச் சுற்றிய துணி என்று சொல்லப்படும் துரின் சவச்சீலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரான்சில் காட்சிக்கு வைக்கப்பட்டுக் கூட்டம் அலைமோதிய 1389-இல், த்ருவா மறைமாவட்டத்தின் பிஷப் பியர் தார்சி, போப்பாக உரிமை கோரிய ஏழாம் கிளமெண்டுக்கு எழுதுகிறார்: எனக்கு முன்பிருந்த பிஷப் விசாரித்தார், இது தீட்டப்பட்ட துணி, தீட்டியவரே ஒப்புக்கொண்டார் என்று. 1988-இல் 3 ஆய்வகங்கள் கார்பன் முறையில் கணித்த காலம் 1260 முதல் 1390 வரை. துணியின் எந்த மூலையில் மாதிரி எடுத்தார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அது எப்படி முடிந்தாலும், பியர் தார்சி அந்தக் கடிதத்தை எழுதியது விசுவாசத்தை விட்டுவிட்ட ஒருவராக அல்ல, தன் மக்கள் ஏமாறக்கூடாது என்று கவலைப்பட்ட பிஷப்பாக.